புகழும் பழியும்: டென்னிஸ் வீரரை நம்மவர் நடத்திய வரலாறு

ஒருவனை இன்று தலைமேல் தூக்கி வைத்துக் கூத்தாடுவதும், நாளை அவனையே தரையில் போட்டு மிதிப்பதும் ஜனக்கூட்டத்தின் பழைய வழக்கம். அரசியலில் இதனைக் கண்டிருக்கிறோம்; சினிமாவிலும் கண்டிருக்கிறோம். ஆயின், இவ்வழக்கத்தின் கொடுமையை அளந்து காண்பதற்கு விளையாட்டு மைதானத்தைப் போன்றதோர் அளவுகோல் வேறில்லை. அங்கே வெற்றியும் தோல்வியும் ஒரே மாலைக்குள் முடிந்துவிடுகின்றன. வீரன் பெற்ற புள்ளிகள் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. அவனைச் சுற்றி நின்றவர்கள் நடந்துகொண்ட விதம் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறாமல் மறைந்துபோகிறது. அந்த மறைந்த கணக்கைச் சிறிது எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு டென்னிஸ் பந்தாட்டத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. காற்பந்தில் பதினொருவர் பழியைப் பங்கிட்டுக் கொள்வர். ஓட்டப் பந்தயம் சில விநாடிகளில் முடிந்துவிடும். டென்னிஸில் ஒற்றையர் ஆட்டம் ஆடுகிறவனோ மூன்று மணி, நான்கு மணி நேரம் தனித்து நிற்கிறான். ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் வாய் திறத்தல் கூடாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. இவ்வாட்டத்தில் கடிகாரமும் இல்லை. முன்னணியில் இருப்பவன் நேரத்தைக் கடத்தித் தப்பிக்க இயலாது. கடைசிப் புள்ளியையும் தானே அடித்து எடுத்தாக வேண்டும். ஆகையால் இரண்டு செட் முன்னே நிற்பவனும் தோற்கக் கூடும். தோல்வியின் வாயில் நிற்பவனும் மீளக் கூடும். மனத்தின் மேல் விழும் பாரம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் விளையாட்டுகள் சிலவே.

இவ்வாட்டம் யாருடையதாக இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. மலாயாத் தோட்டங்களில் டென்னிஸ் என்பது பெரும்பாலும் துரைமார் பங்களாவையும் துரைமார் கிளப்பையும் சார்ந்த பொழுதுபோக்காக இருந்தது. பால்மரக் காட்டில் விடியுமுன் இறங்கிய நம்மவர்க்குக் கிட்டிய திடல், லயத்துக்கு அப்பால் இருந்த காற்பந்துத் திடல்தான். புக்கிட் பெலிம்பிங் முதலாகக் கோலசிலாங்கூர் வட்டாரம் எங்கும் பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறிவிடவில்லை. தொடக்கூட முடியாதிருந்த ஆட்டத்தில் தமிழ் பேசும் ஒருவர் உலகத்தின் முன்னணியில் நின்றார் என்ற செய்தி நம்மவர் நெஞ்சில் எத்தகைய கிளர்ச்சியை உண்டாக்கியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்தறியலாம்.

முதல் வீரர்

அவர் இராமநாதன் கிருஷ்ணன். 1937-ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் டி. கே. இராமநாதன் தாமே ஓர் ஆட்டக்காரர். மகனுக்கு ஆசிரியரும் அவரே. 1954-ஆம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. வெள்ளையர் ஆட்சி நீங்கி ஏழே ஆண்டுகள் கழிந்த இந்தியாவிற்கு அது சிறிய செய்தியாக இருந்திருக்க முடியாது. 1960-ஆம் ஆண்டிலும் 1961-ஆம் ஆண்டிலும் அவர் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதலாண்டு நீல் பிரேசரிடமும், அடுத்த ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். அவ்விருவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1961-இல் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்திய பின்பே அவர் அரையிறுதிக்கு வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1962-இல் நான்காம் இடம் தந்து அவரை வரிசைப்படுத்தினார்கள். இந்த முறை பட்டம் உறுதி என்று எதிர்பார்த்தவர் பலர். கணுக்காலில் அடிபட்டு, போட்டியின் நடுவிலேயே அவர் விலக நேர்ந்தது.

இங்கேதான் நம்முடைய கணக்குத் தொடங்குகிறது. உலகத்தின் முதல் நால்வருள் ஒருவராக இரண்டு முறை நின்றவரைப் பற்றிப் பின்னர் பேசியவர்கள், எதனை அதிகமாகப் பேசினார்கள்? அவருடைய மென்மையான கைவண்ணத்தைப் போற்றியவர் இருந்தனர். ஆயினும் பேச்சு முடிவில் அவருடைய சர்வீஸ் வலிமையற்றது என்ற குறையிலேயே வந்து நின்றது. குறை உண்மைதான். ஆனால் அவ்வலிமையற்ற சர்வீஸைக் கொண்டே அவர் அத்தனை தூரம் சென்றார் என்பதும் உண்மையன்றோ? அக்காலத்தில் விம்பிள்டன் போன்ற பந்தயங்களில் ஆடியவர்கள் பரிசுப் பணம் பெறாத ஆட்டக்காரர்கள். 1968-ஆம் ஆண்டில்தான் தொழில்முறை வீரர்களுக்கு அக்கதவு திறந்தது. அமெரிக்கரான ஜாக் கிரேமர் பெருந்தொகை தருவதாகச் சொல்லித் தம் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்துவிட்டார். போயிருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆட முடியாது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் இந்த இழப்பைக் கணக்கில் வைத்தனர்?

அவர் மறுத்ததன் பலனை 1966-ஆம் ஆண்டில் இந்தியா கண்டது. கல்கத்தாவில் பிரேசில் நாட்டோடு நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டி இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன் தாமஸ் கோக் என்பவரை எதிர்த்து நின்றார். கோக் இரண்டு செட் வென்றிருந்தார், கிருஷ்ணன் ஒன்று. நான்காம் செட்டில் கோக் ஐந்து, கிருஷ்ணன் இரண்டு. இன்னும் ஒரே ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. அந்நிலையில் கிருஷ்ணன் தொடர்ச்சியாக ஐந்து கேம்களை எடுத்துச் செட்டை வென்று, ஐந்தாம் செட்டையும் வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப் போட்டிக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் ஒன்றுக்கு நான்காகத் தோற்றது. அந்த ஒன்றும், கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் நியூகோம்ப், ரோச் இருவரையும் வென்று பெற்றது.

இரண்டாம் வீரர்

1973-ஆம் ஆண்டு வந்தது. சென்னையில் 1953-இல் பிறந்து, இளமையில் நோயால் மிகவும் வருந்திய விஜய் அமிர்தராஜ், 19 வயதில் விம்பிள்டன் கால் இறுதியில் செக் நாட்டு யான் கோடெசுடன் ஐந்து செட் ஆடித் தோற்றார். ஐந்தாம் செட் ஏழுக்கு ஐந்து என்று முடிந்தது. அவ்வாண்டுப் பட்டத்தை வென்றவர் கோடெசே. அதே ஆண்டில் அமெரிக்கப் பந்தயத்தில் விஜய் ராட் லேவரையே வென்றார். மறு ஆண்டு அதே பந்தயத்தில் பியோர்ன் போர்கை வென்றார். இனி டென்னிஸ் உலகின் அரிச்சுவடி அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் என்ற மூவர் பெயரின் முதலெழுத்தால் அமையும் என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. உயரமான உருவம், சிரித்த முகம், தெளிந்த பேச்சு. திடீர்ப் புகழுக்கு வேண்டியன யாவும் அவரிடத்தில் இருந்தன.

பிறகு என்ன நடந்தது? போர்கும் கானர்சும் பட்டம் பட்டமாக அடுக்கினார்கள். விஜய் அவர்களை எட்டிப் பிடித்தும் கைநழுவ விட்டார். 1979-ஆம் ஆண்டு விம்பிள்டனில் போர்கை விட ஒரு செட் முன்னணியில் நின்று, நான்காம் செட்டை நூலிழையில் இழந்து, ஐந்தாவதில் தோற்றார். 1981-இல் கானர்சுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் வென்று, பின் மூன்றையும் இழந்தார். உடனே ஒரு சொல் பிறந்தது. விஜய்க்குக் ‘கொல்லும் குணம்’ இல்லை என்றார்கள். பத்திரிகைகள் எழுதின, தேநீர்க் கடையில் பேசினார்கள், டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பாராதவரும் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்கள். 1983-இல் அவர் ஜேம்ஸ் பாண்டு படத்தில் நடித்ததும், ஆட்டத்தில் மனம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று முடிவு கட்டியவரும் உண்டு.

இந்தச் சொல்லைச் சிறிது நின்று ஆராய வேண்டும். ஒருவர் இக்கட்டான நேரத்தில் சில புள்ளிகளை இழந்தார் என்பது செய்தி. அவருடைய பிறவியிலேயே ஏதோ குறை என்பது செய்தியன்று, அது தீர்ப்பு. அத்தோடும் நில்லாமல், தமிழருக்கே அக்குணம் இல்லை, இந்தியருக்கே அக்குணம் இல்லை, சோற்றை உண்டு வளர்ந்த உடம்பு அவ்வளவுதான் என்று பேச்சு நீண்டது. ஒருவனுடைய திறமையை அவன் பிறப்பிலிருந்து அளப்பதற்கு நாம் வேறொரு பெயர் வைத்திருக்கிறோம். அதன் பெயர் சாதி. சாதியை மேடையில் கண்டித்துவிட்டு, மைதானத்தில் அதே கணக்கைப் போடுவது அறிவுடைமையாகாது. தோற்றதற்குக் கண்ணேறு என்றும் தலையெழுத்து என்றும் காரணம் சொல்வார்க்கும் இவர்களுக்கும் வேற்றுமை ஏது?

இக்கூற்றைப் பொய்யாக்கும் சாட்சியும் உண்டு. 1966-இல் கல்கத்தாவில் ஐந்து கேம்களை வரிசையாக எடுத்தவரும் தமிழர்தாம். விஜயும், 1987-ஆம் ஆண்டில் தம் 33-ஆம் வயதில், டில்லியில் அர்ஜெண்டினாவின் மார்ட்டின் ஹைட்டேயோடு ஆடித் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு வென்றார். 1979-இல் இல்லாத குணம் 1987-இல் எங்கிருந்து வந்தது? குணம் மாறவில்லை. புள்ளி சில சமயம் இப்புறமும் சில சமயம் அப்புறமும் விழுகிறது. அதன் மேல் நாம் கட்டும் கதைதான் மாறுகிறது.

ஆடாமல் விட்ட இறுதிப் போட்டி

இவ்வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி ஓர் ஆட்டமே அன்று, ஆடப்படாத ஆட்டம். 1974-ஆம் ஆண்டில் விஜயும் அவர் தமையனார் ஆனந்தும் ஆடிய இந்தியக் குழு, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை மூன்றுக்கு இரண்டாக வென்றது. அப்போட்டியில் மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன. அடுத்து சோவியத் நாட்டையும் வென்று இறுதிக்கு வந்தது. மறுபுறம் இறுதிக்கு வந்த நாடு தென்னாப்பிரிக்கா. நிறவெறியைச் சட்டமாக்கி ஆண்ட அந்நாட்டோடு ஆட முடியாது என்று இந்திய அரசாங்கம் மறுத்துவிட்டது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. டேவிஸ் கோப்பையின் வரலாற்றில் இறுதிப் போட்டி நடைபெறாமற் போனது அதுவே முதல் முறை.

வீரர்களின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? விஜய்க்கு வயது 20, ஆனந்துக்கு 22. வாழ்நாளில் இனி வருமோ வராதோ என்னும் வாய்ப்பு. அபிமானிகளும் இரண்டு பிரிவானார்கள். அரசியலை ஆட்டத்தில் கலக்கலாமா என்று கேட்டனர் ஒரு சாரார். மானத்தை விட்டுக் கோப்பையைப் பெறலாமா என்று கேட்டனர் மறு சாரார்.

தோட்டத்துத் தமிழரான நமக்கு இக்கேள்வி எட்டாத் தொலைவில் உள்ளதன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் நேட்டால் நாட்டு டர்பன் துறையில் நம்மவரை இறக்கியது. கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். பால்மரத் தோட்டத்திற்கு நம் முன்னோர் வந்த வழியும் ஏறக்குறைய அதுவே; கப்பல் திரும்பிய திசைதான் வேறு. அந்நாட்டில் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் 16 வயதில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மை தென்னாப்பிரிக்கத் தமிழருள் ஒருத்தி. அக்கூலிகளின் பேரப்பிள்ளைகள் 1974-இல், இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம், இன்ன கடற்கரையில்தான் குளிக்கலாம் என்னும் சட்டத்தின்கீழ் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாழ்த்திய அரசின் கொடியோடு தன் கொடியையும் சேர்த்து ஏற்ற இந்தியா மறுத்தது. அந்த மறுப்பின் விலையைக் கொடுத்தவர்கள் சென்னையைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். 1994-ஆம் ஆண்டில் நெல்சன் மண்டேலா அந்நாட்டின் தலைவரானபோது அவ்விலைக்குரிய பொருள் கைக்கு வந்தது என்று சொல்லலாம். ஆனால் ‘பெரிய பட்டம் எதையும் வெல்லாதவர்’ என்று விஜயைக் குறித்துப் பேசுவோர், இந்தக் கோப்பையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தந்தையின் பெயரைச் சுமந்தவர்

மூன்றாமவர் கிருஷ்ணனுடைய மகன் ரமேஷ். 1979-ஆம் ஆண்டில் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் பிரெஞ்சுச் சிறுவர் பட்டத்தையும் வென்றார். தந்தை வென்று 25 ஆண்டுகள் கழித்து மகன் வென்றான் என்று எங்கும் எழுதினார்கள். தம் பெயரால் மட்டுமன்றித் தந்தை பெயராலும் புகழ்பெறுவது இரட்டைச் சுமை. அவருக்கும் மென்மையான கை. அவருக்கும் சர்வீஸ் வலிமையற்றது என்ற பழைய பல்லவி. எனினும் விம்பிள்டனில் ஒரு முறையும் அமெரிக்கப் பந்தயத்தில் இரு முறையும் கால் இறுதி வரை சென்றார். 1987-இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் வாலி மேசரைக் கடைசி ஆட்டத்தில் வென்று, இந்தியாவை மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டு சென்றார். இறுதியில் சுவீடன் ஐந்துக்குப் பூஜ்யமாக வென்றது. 1989-இல் உலகின் முதல் வீரராயிருந்த மாட்ஸ் வில்லாண்டரை ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ரமேஷ் வீழ்த்தினார். மகிழ்ச்சி சில நாள் நின்றது. அடுத்த தோல்வியோடு, தந்தையைப் போல வருமா என்ற கேள்வி மறுபடி வந்துவிட்டது. ஒரு காலத்தில் தந்தையைக் குறை சொன்ன வாய்களே, மகனைக் குறை சொல்லத் தந்தையைப் புகழ்ந்தன.

பிற நாட்டார் நிலை

இது நம்மவர்க்கே உரிய நோய் என்று கருதவேண்டா. போர்க் பதினொரு பெரும் பட்டங்களை வென்றவர். அவரே 26 வயதில், 1983-ஆம் ஆண்டில், போதும் என்று விலகிவிட்டார். 1993-இல் ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரில், ஆட்டத்தின் இடைவேளையில் அமர்ந்திருந்த 19 வயது மோனிகா செலசை ஒருவன் முதுகில் கத்தியால் குத்தினான். அவன் பகைவனல்லன்; ஸ்டெபி கிராப் என்னும் மற்றொரு வீராங்கனையின் அபிமானி. தன் தெய்வத்திற்குப் போட்டியாக யாரும் இருத்தலாகாது என்பதே அவன் வாதம். பக்தி முற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? செலஸ் மீண்டும் ஆட வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

2018-ஆம் ஆண்டு அமெரிக்கப் பந்தய இறுதியில் செரீனா வில்லியம்சை வென்ற நவோமி ஒசாகா, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே கண்ணீரோடு பரிசை ஏற்றார். அது முதல் மனச்சோர்வுக்கு ஆளானதாக 2021-இல் அவரே வெளிப்படுத்திப் பிரெஞ்சுப் பந்தயத்திலிருந்து விலகினார். அதே 2021-இல் விம்பிள்டனில் மூச்சுத் திணறி நடுவில் விலகிய 18 வயது எம்மா ரடுகானுவை, பாரத்தைத் தாங்கும் திறமில்லாதவள் என்றார்கள். இரண்டு மாதங்கள் கழிந்ததும், தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி ஒரு செட்டும் இழவாமல் அமெரிக்கப் பட்டத்தை அவர் வென்றபோது, ஈடில்லாதவள் என்றார்கள். பின்னர் காயங்களும் தோல்விகளும் வந்தபோது முதற்சொல்லுக்கே திரும்பினார்கள். இவ்வளவுக்கும் அந்தப் பெண் ஒருத்தியே. மூன்று தீர்ப்பும் கூறியவர்கள் தாங்கள் மாறியதை உணரவில்லை.

நம் நாட்டில்

மலேசியாவில் கூட்டத்தின் வலிமையை 1967-ஆம் ஆண்டு பூப்பந்து வரலாறு காட்டும். ஜகார்த்தாவில் தாமஸ் கோப்பை இறுதியில் மலேசியா முன்னணியில் இருந்தபோது, உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சலால் ஆட்டத்தையே நிறுத்த நேர்ந்தது. பின்னர்க் கோப்பை மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. தங்கள் வீரருக்கு உதவி செய்வதாக எண்ணிய கூட்டம், அவர்கள் ஆடி வெல்லும் வாய்ப்பையே கெடுத்துவிட்டது.

1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசனையும், 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். இராஜாமணியையும் நாம் அறிவோம். ஜெகதீசன் புகழின் நடுவிலேயே படித்து மருத்துவரானார். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் அவர் ஓடிய ஓட்டம், 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. புகழுக்கு வெளியே ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டவனைக் கைதட்டலும் கெடுக்க முடியாது, மௌனமும் கெடுக்க முடியாது என்பதற்கு அவர் உதாரணம்.

காற்பந்துக் காவலர் ஆர். ஆறுமுகத்தின் கதை வேறு. 1980-இல் கோலாலம்பூரில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்றாக வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் காவலர் அவர். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 1974-இல் அமிர்தராஜ் சகோதரர்க்கு நேர்ந்தது 1980-இல் ஆறுமுகத்திற்கும் நேர்ந்தது. 1988-இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார். ஒலிம்பிக் திடலில் நிற்க அவருக்கு வாய்க்கவேயில்லை.

நாம் செய்யத்தக்கது

இத்தனையும் படித்த பின், வீரரைக் கொண்டாடவே கூடாது என்று யாரும் முடிவு செய்யவேண்டா. கொண்டாட்டம் மனித இயல்பு. ஆனால் மூன்று காரியங்களை நாம் மனத்தில் கொள்ளலாம்.

முதலாவது, மட்டையும் திடலும் கொடுத்தவனே கணக்குக் கேட்கத் தகுந்தவன். நம் தோட்டப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு டென்னிஸ் திடலைத் தந்தோம்? 1985-ஆம் ஆண்டில் அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையில் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். அதில் பயின்ற லியாண்டர் பயஸ் 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றார். ‘கொல்லும் குணம்’ இல்லை என்று பழிக்கப்பட்டவர், தம்மைப் பழித்த நாட்டுக்குச் செய்த பதில் அது. பழித்தவர்கள் யாரும் ஒரு திடல் கட்டியதாகக் கேள்வியில்லை.

இரண்டாவது, தோல்வியைப் பிறப்போடு முடிச்சுப் போடாதிருத்தல். சர்வீஸ் வலிமையற்றது என்று சொல், அது திருத்தக்கூடியது. தமிழனுக்கு இது வராது என்று சொல்லாதே. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பையன் மட்டையைக் கீழே வைத்துவிடுவான்.

மூன்றாவது, நம் கண்ணெதிரே உள்ள பிள்ளைகளைப் பற்றியது. மாவட்டப் போட்டியில் ஒரு கோல் அடித்த பையனை இன்று தோளில் தூக்கி, மாலை போட்டு, கோயில் விழாவிலும் கட்சிக் கூட்டத்திலும் மேடையேற்றுகிறோம். அவன் படம் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போய்ச் சேருகிறது. அடுத்த ஆட்டத்தில் அவன் பந்தைக் கோட்டை விட்டால், அதே கைப்பேசிகளில் வசையும் போய்ச் சேருகிறது. கிருஷ்ணனும் விஜயும் மறுநாள் பத்திரிகையைப் படிக்காமல் ஒதுக்க முடிந்தது. பதினாறு வயதுப் பையனுக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே, வென்ற நாளில் அவன் வீட்டுக்குப் போகாவிடினும் குற்றமில்லை. அன்று போவதற்கு ஆள் பலர் உண்டு. தோற்ற நாளில் போங்கள். போய், ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். மறுநாள் மாலையில் அவன் மறுபடி திடலுக்கு வருகிறானா என்று பாருங்கள். அவன் வந்து நின்றால் அதுவே நாம் கொண்டாட வேண்டிய வெற்றி.